வீடூரும் சிந்தாமணியும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல்)

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே பேருந்தில் வந்து போகும் நம்மவர்க்கு வீடூர் என்றதும் அணைக்கட்டுதான் நினைவுக்கு வரும். எனக்கும் சென்ற ஆண்டு வரை அவ்வளவுதான். தமிழ் வகுப்பில் சீவக சிந்தாமணியை நடத்திய விரிவுரையாளர், "இந்நூல் நம் கைக்கு வந்து சேர்ந்ததில் உங்கள் பக்கத்து ஊருக்கும் பங்குண்டு" என்றார். அன்றுதான் நான் தமிழ் வகுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்வதில் தவறில்லையே!

கதை 1880-இல் தொடங்குகிறது. உ. வே. சாமிநாதையர் அவ்வாண்டுதான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்தாதியும் பிள்ளைத்தமிழும் தலபுராணமும் கற்றுத் தேர்ந்தவர். அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், "என்னென்ன படித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். "சிந்தாமணி படித்ததுண்டா?" என்றார் முதலியார். திருத்தக்கதேவர் இயற்றிய அந்தச் சமண காப்பியத்தை ஐயர் அதுவரை படித்ததில்லை.

ஏடு கிடைத்தது, நச்சினார்க்கினியர் உரையும் கிடைத்தது. ஆனால் சமணக் கொள்கை வரும் இடங்களில் எல்லாம் தடுமாற்றம். இலக்கணப் புலமை அங்கே கைகொடுக்கவில்லை. கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் வீடு தேடிச் சென்றார் ஐயர். ஒருநாள் அங்கே தோரணம் கட்டியிருந்தது. கலியாணமோ என்று விசாரித்தால், சிந்தாமணி படித்து முடித்த விழா என்றார்கள்! தமக்குப் பொருள் விளங்காத ஒரு நூல் இன்னொருவர் வீட்டில் உயிரோடு இருப்பதை அவர் கண்டார். அவருக்குத் துணைநின்ற சமண அறிஞர்களுள் ஒருவர்தான் நம் வீடூர் அப்பாசாமி நயினார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது.

இது எளிதாக நடந்துவிடவில்லை. சோழ மன்னன் சிந்தாமணியில் மனம் பறிகொடுத்ததைக் கண்டு வருந்தியே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்று பழைய வழக்கு ஒன்று உண்டு. அவ்வளவு நாளைய பிணக்கு! சைவர் ஒருவர் சமண நூலைப் பதிப்பிப்பதா என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள்.

1898-இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது நிலைமை வேறு. ஐயம் கேட்கப் பக்கத்துத் தெருவில் பௌத்தர் இல்லை. அச்சமய நூல்களைப் பயின்றிருந்த ரங்காசாரியாரை அவர் நாட வேண்டியிருந்தது. நமக்கோ அந்தக் குறை இல்லை. திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் சமணர்கள் இன்றும் வாழ்கிறார்கள். மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது. அதே செஞ்சிப் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் காவல் நிற்கும் முத்தாலராவுத்தன் ஓர் இஸ்லாமியர். இதைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பாடத்தில் ஐயம் வந்தால் கேட்க வீட்டில் எவரும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அத்தனை பெரிய புலவர் பிறர் வாசலில் போய் நின்று கேட்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. கூடவே ஓர் உறுத்தலும் வந்தது. பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்த நண்பன் நயினார் வீட்டுப் பிள்ளை. பொழுது சாயும் முன் சாப்பிட வேண்டுமென்று விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவான். "இருட்டினால் சோறு கடிக்குமா?" என்று கேலியை முதலில் தொடங்கியவன் நான், பிறகு வகுப்பே சேர்ந்துகொண்டது. அவன் வேறு பெஞ்சுக்கு மாறிப் போய்விட்டான். ஏன் அப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

சென்ற பொங்கல் விடுமுறையில் அவன் வீட்டிற்குப் போனேன். கேட்டேன். இருட்டில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர் உணவில் விழுந்து மடியக்கூடும், அதற்காகத்தான் என்றான். பழைய கேலியைப் பற்றி அவன் பேசவில்லை. நான்தான் தட்டுத்தடுமாறிப் பேசினேன். அவன் அம்மா வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துவிட்டு, "பேச்சு அப்புறம் இருக்கட்டும், வெளிச்சம் இருக்கும்போதே ரெண்டு பேரும் கை கழுவிக்கிட்டு வாங்க தம்பி" என்றார்கள்.