ஒரு சுவர், இரண்டு வீடுகள்

காத்தோங்கில் ஜூ சியாட் சாலையிலிருந்து பிரியும் கூன் செங் சாலைக்கு வருபவர்கள் வீடுகளின் முகப்பைத்தான் படம் எடுக்கிறார்கள். இளஞ்சிவப்பு, வெளிர்பச்சை, நீலம் என வண்ணங்கள். பூ வேலைப்பாடு கொண்ட ஓடுகள். 1920களில் எழுந்த பெரனாக்கான் வரிசை வீடுகள் அவை. ஆனால் அவற்றின் அறிவியல் படத்தில் விழாத இடத்தில் இருக்கிறது: ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவிலுள்ள பொதுச் சுவரில்.

இத்தகைய பழைய வரிசை வீடுகளில் மாடியையும் கூரையையும் தாங்கும் மரச் சட்டங்களின் முனைகள் இருபுறமும் அந்தச் செங்கல் சுவரில்தான் அமர்ந்திருக்கும். ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை மரம் எட்ட வேண்டும். வீடுகள் குறுகலாகவும் நீளமாகவும் இருப்பதற்கு அது ஒரு காரணம்.

பொதுச் சுவரில் வெயில் படாது. அது லாபம். ஆனால் அதில் சன்னலும் வைக்க முடியாது. பிறகு காற்று எப்படி வரும்? வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம் விட்டார்கள். சூடேறிய காற்று அடர்த்தி குறைந்து முற்றத்தின் வழியே மேலேறும். அந்த இடத்தை நிரப்ப வாசல் பக்கமிருந்து காற்று உள்ளே வரும். வாசலில் இருக்கும் ‘பிந்து பாகார்’ என்ற அரைக்கதவு, தெருவில் போகிறவர் பார்வையைத் தடுத்துக் காற்றை மட்டும் விடும். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. முற்றத்தைக் கண்ணாடியால் மூடிவிட்டால் இந்தப் புகைபோக்கி அடைபடும். அப்புறம் குளிர்சாதனம்தான் கதி.

ஆனால் முற்றத்தைத் திரும்பத் திறந்துவிடலாம். சுவருக்கு நேரும் கேடு அப்படியல்ல.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை. தரை ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலே ஏற்றும். அன்றைய கொத்தனார்கள் பூசியது சுண்ணாம்புச் சாந்து. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட் ஆகி இறுகும். அதில் நுண்துளைகள் மிகுதி; ஈரம் அவற்றின் வழியே ஆவியாகிவிடும். இந்தக் கலை நம்மவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் இந்தியக் கைதிகள் பூசிய ‘மதராஸ் சுண்ணாம்பில்’ சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் எல்லாம் சேர்ந்திருந்தன.

இப்போது ஒரு வீட்டார் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுச் சிமெண்ட் பூசினால்? சிமெண்ட் அடர்த்தியானது, அந்தப் பக்கம் ஈரம் வெளியேற வழியில்லை. அது இன்னும் உயரே ஏறி, அடுத்த வீட்டுப் பக்கம் தலைகாட்டும். தண்ணீரில் கரைந்து வந்த உப்பு, செங்கல்லின் துளைகளுக்குள் படிகமாகிப் பருத்து அதை உள்ளிருந்தே உதிர்க்கும். மரச் சட்டத்தின் முனையும் உளுக்கத் தொடங்கும். பூசியவர் வீட்டில் சுவர் பளபளக்க, பூசாதவர் வீட்டில் கறை படியும்!

ஜூ சியாட் 1993இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதனால் முகப்பு தப்பியது. சுவரைக் காப்பாற்ற இரு வீட்டாரும் ஒத்துப்போக வேண்டும். சிமெண்டை அகற்றி, செங்கல் உலரும்வரை காத்திருந்து, சுண்ணாம்பை மெல்லிய பூச்சுகளாக ஏற்ற வேண்டும். ஒரு பூச்சு இறுகிய பிறகே அடுத்தது. அதுவரை அந்தச் சுவரோரம் யாரும் அலமாரி வைக்கக் கூடாது, இரண்டு வீட்டிலும்.