வீடு பத்தலையா? முதலில் காற்றைப் பாருங்கள்!

இரண்டாவது குழந்தை வந்ததும், "வீடு பத்தலை, மாறிடலாமா?" என்ற பேச்சு எழும். அவசரப்படாதீர்கள். படுக்கையறையைக் கவனியுங்கள். விடியும்போது புழுங்கி நாறுகிறதா? சுவரில் ஈரம், பூஞ்சணம் தெரிகிறதா? ஆடாதோடைக் குடிநீர் கொடுத்தும் பிள்ளைக்கு இருமல் திரும்பத் திரும்ப வந்து, பாட்டி ஊருக்குப் போனால் மட்டும் தணிகிறதா? அப்படியானால் மாறத்தான் வேணும். நெருக்கமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் காசநோய்கூட எளிதில் தொற்றும். இருமல் 2 வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை அவசியம்.

இந்தத் தொல்லைகள் இல்லையா? பரணையும் கட்டிலடியையும் காலி செய்து, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். வீடு தானாகப் பெரிசாகும்!

மாறுவதானால் சதுர அடியை மட்டும் கேட்காதீங்க. காலை வெயில் வருதா, அடுப்புப் புகை வெளியே போகுதா என்றும் பாருங்கள். வாடகை ஏறி, பிள்ளைகளின் பாலும் கீரையும் குறைந்தால் பெரிய வீட்டால் என்ன லாபம்?