ஊரில் வீடு விற்கிறீர்களா? முன்பணம் வராவிட்டால் என்ன செய்வது?

யாங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் உங்களுக்கு ஒரு ஃபிளாட் இருக்கலாம். நீங்கள் இங்கே வந்துவிட்டீர்கள். அண்ணனோ சித்தப்பாவோ அங்கே அதை விற்கப் பார்க்கிறார். "வாங்குறவர் இன்னும் பணம் குடுக்கல, அடுத்த மாசம் தர்றேன்னு சொல்றாரு" என்று போன் வருகிறது. அப்போது என்ன செய்வது?

முன்பணம் என்றால் என்ன?

பர்மியரின் 'சயான்' பணமும் நாம் சொல்லும் அட்வான்ஸும் ஒன்றுதான். பேச்சில் உறுதியாக இருக்கிறேன் என்று வாங்குபவர் தரும் பணம் அது. விற்பனை ஒப்பந்தம் எழுதியதாலேயே வீடு அவருடையது ஆகிவிடாது. அதனால், சொன்ன முன்பணம் கைக்கு வரும் வரை சாவியையோ அசல் பத்திரங்களையோ கொடுக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

பணம் தாமதமானால்?

மியான்மரில் இன்றும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம்தான். அதன் 55ஆம் பிரிவின்படி, குறித்த தேதி முக்கியம் என்பது இருவரின் எண்ணமாக இருந்தால், தவணை தவறியதும் நீங்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அப்படி இல்லாவிட்டால் நஷ்ட ஈடு மட்டும்தான் கேட்கலாம். எனவே தேதியையும், தவறினால் ஒப்பந்தம் ரத்தாகும் என்பதையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று: தாமதமாக வரும் பணத்தைப் பேசாமல் வாங்கிக்கொண்டால், தாமதத்துக்குப் பிறகு நஷ்ட ஈடு கேட்க முடியாமல் போகலாம். வாங்கும்போதே, "நஷ்ட ஈடு கேட்கும் உரிமையை விடவில்லை" என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

தாமதம் சின்ன விஷயம் இல்லை. 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 1,330 கியாட். 2024இல் வெளிச்சந்தையில் 4,000க்கும் மேல். விலை கியாட்டில் இருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

வாங்கிய பணத்தை வைத்துக்கொள்ளலாமா?

முழுவதையும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எவ்வளவு தண்டத்தொகை எழுதியிருந்தாலும் நியாயமான ஈடுதான் கிடைக்கும். இந்தியாவிலும் இதே சட்டம்தான். அங்கே 1963இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், வீடு விற்றவர் 25,000 ரூபாயையும் வைத்துக்கொள்ளப் பார்த்தார். அதில் முன்பணமான 1,000 ரூபாய்தான் அவருக்கு என்றது நீதிமன்றம். மீதி 24,000 விலையின் ஒரு பகுதி. இந்தத் தீர்ப்பு யாங்கூன் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ரசீதில் 'முன்பணம்' எவ்வளவு, 'விலையில் ஒரு பகுதி' எவ்வளவு என்று தனித்தனியாக எழுத வேண்டும்.

ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லி வழக்குப் போட 3 வருடம்தான் காலம். தள்ளிப்போடாதீர்கள்.

கவனம்!

* விற்பனைக்கு அதிகாரப் பத்திரம் தேவை என்று சொன்னால், உடனே உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குப் போக வேண்டாம். அது உங்கள் தஞ்சக் கோரிக்கையைப் பாதிக்கலாம். முதலில் உங்கள் வழக்கறிஞரைக் கேளுங்கள்.
* உதவித்தொகை விண்ணப்பத்தில் சொத்து விவரம் கேட்டால், ஊரில் உள்ள வீட்டையும் வந்த முன்பணத்தையும் மறைக்காதீர்கள்.
* ஒப்பந்தம், ரசீது, வங்கிச் சீட்டு எல்லாவற்றின் பிரதியும் உங்கள் கையில் இருக்கட்டும்.

சந்தேகம் இருந்தால், கையெழுத்துப் போடும் முன் அந்தக் காகிதங்களோடு எங்கள் ஆலோசகரிடம் வாருங்கள்.