கழிவுநீரில் ஓடும் தொழிற்சாலை

செந்துறையிலிருந்து ஜெயங்கொண்டம் தாண்டிக் கிழக்கே போனால் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் புதுத் தலைநகரம் எழுப்பியபோது கூடவே சோழகங்கம் ஏரியையும் வெட்டினான். அந்த ஏரியைப் பொன்னேரி என்றால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வெற்றிக்குத் தூண் நாட்டாமல் ஏரி வெட்டிய ராஜா!

இன்றைய சென்னைக்குப் புது ஏரி வெட்ட இடமேது? கைக்குக் கிடைப்பது கழிவுநீர்தான். 2019-இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மறுசுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஒருமுறை சுத்திகரித்த தண்ணீரை நுண்சவ்வு வழியே அழுத்தி மறுபடி வடிக்கிறார்கள். குடிக்க அல்ல, தொழிற்சாலைகளுக்கு. கொடுங்கையூர் நீர் மணலிக்கும், கோயம்பேட்டு நீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமும் குழாயில் போகிறது. அந்த அளவுக்குக் குடிநீர் மிச்சம்.

கழிவுநீரை முதலில் சுத்திகரிக்கும்போது அடியில் தங்கும் கசடும் வீணாவதில்லை. காற்றுப் புகாத தொட்டியில் அதைப் புளிக்கவிட்டால் மீத்தேன் வாயு எழும். வீட்டுச் சாண எரிவாயுக் கலனில் நடப்பதேதான், அளவுதான் பெரிது. அந்த வாயுவில் ஓடும் இன்ஜின்கள், கொடுங்கையூர் போன்ற இடங்களில் சுத்திகரிப்புக்கு வேண்டிய கரண்டைத் தருகின்றன.