கோட்டியில் நாலு வகை

பாபநாசம் படித்துறையில் ஒரு பொட்டலம் பொரி வாங்கி, தண்ணீரில் தூவிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். முதல் கைப் பொரி விழுந்ததுமே சில மீன்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வரும். சில, கூட்டம் கலையட்டும் என்று இரண்டடி தள்ளியே நிற்கும். இன்னும் சில, பொரி விழுந்ததையே அறியாததுபோல் கல்லிடுக்கில் பாசியைக் கொறித்துக்கொண்டிருக்கும். ஒரே ஆறு, ஒரே பொரி. மீனுக்கு மீன் ஏன் இந்த வித்தியாசம்?

இதே கேள்வியை மனிதர்களைப் பற்றியும் கேட்கலாம். எங்கள் நெல்லைப் பக்கத்தில், மூளை நிறைய உள்ளவர், ஆனால் நாலு பேரோடு கலந்து பழக வராதவர் என்றால் ஒரே சொல்லில் முடித்துவிடுவோம்: கோட்டி. “படிச்சுப் படிச்சுக் கோட்டி பிடிச்சிட்டு” என்பார்கள். கோட்டி என்றால் பித்து. பெரும்பாலும் பாசத்தோடுதான் சொல்வோம். ஆனாலும் அந்த ஒரு சொல், ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத நாலு வகை மனிதர்களை ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறது. கட்டை அவிழ்க்க ஒரு சின்னச் சோதனை போதும். மறுவீட்டுச் சொதி விருந்தில் ஓரமாக நிற்பவர்களிடம் போய், “சாப்ட்டியளா?” என்று கேளுங்கள்.

முதலாமவர், “ஆச்சு, ஆச்சு” என்று அவசரமாகத் தலையாட்டுவார். சாப்பிட்டிருக்க மாட்டார். பந்தியில் முன்பின் தெரியாத இருவருக்கு நடுவே உட்கார வேண்டுமே என்ற பயம். இரண்டாமவரும் “ஆச்சு” என்பார். அவர் உண்மையிலேயே முதல் பந்தியில் வயிறார உண்டுவிட்டு, மொட்டைமாடிக்குப் போகும் வழி எது என்று பார்த்துக்கொண்டிருப்பவர். மூன்றாமவர், “காலையிலயா, மத்தியானமா?” என்று திருப்பிக் கேட்பார். நாலாமவருக்குக் கேள்வியே காதில் விழாது. விழுந்தால், சொதியில் முதல் பாலை ஏன் கடைசியில் ஊற்ற வேண்டும் என்று தொடங்குவார். தேங்காய்ப்பால் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய எண்ணெய்த் துளிகள். அவை ஒன்றோடொன்று சேராமல் காப்பது புரதம். கொதித்தால் புரதம் உருக்குலையும், பால் திரியும். அரை மணி நேரம் நம்மை விடமாட்டார். சொல்வது அத்தனையும் சரியாக இருக்கும்.

கூச்சக்காரர், தனிமை நாடுபவர், நேர்ப்பொருள்காரர், மூழ்கியவர். இவை மருத்துவர் தரும் பெயர்கள் அல்ல; பந்தியில் வைத்து நான் பிரித்துப் பார்த்தவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் தனித்தனி அறிவியல் இருக்கிறது.

கூச்சத்திலிருந்து தொடங்கலாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜெரோம் கேகன், நாலு மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொம்மைகளையும் ஒலிகளையும் காட்டிப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகால் உதறி, முதுகை வளைத்து அழுதது. வளர்ந்தபோது இந்தக் குழந்தைகளில் பலர் புதியவரைக் கண்டு ஒதுங்கினார்கள். 2003-இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. இரண்டு வயதில் ஒதுங்கி நின்ற பிள்ளைகள் பெரியவர்களான பிறகு அவர்களுடைய மூளையைப் படம் பிடித்தார்கள். அறிமுகமில்லாத முகத்தைப் பார்த்ததும், ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி மற்றவர்களைவிட அதிகமாக விழித்துக்கொண்டது. கூச்சக்காரருக்குக் கூட்டம் பிடிக்காது என்று நினைப்பது தவறு. உள்ளே போக ஆசைதான். காவல்காரன் ரொம்ப விழிப்பு, அவ்வளவுதான்.

ஹென்றி கேவண்டிஷ் இந்த வகை. 1798-இல் ஈயக் குண்டுகளின் மெல்லிய ஈர்ப்பை அளந்து, பூமியின் அடர்த்தியைக் கண்டுபிடித்தார். அவர் விடைக்கும் இன்றைய விடைக்கும் நூற்றுக்கு ஒன்றரை பங்குகூட வித்தியாசம் இல்லை. அப்படிப்பட்டவர், இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்பதைப் பணிப்பெண்ணிடம் வாயால் சொல்ல முடியாமல் சீட்டில் எழுதி வைத்தார்.

தனிமை நாடுபவரிடம் பயம் கிடையாது. பேச வேண்டிய இடத்தில் நன்றாகவே பேசுவார். பேசி முடித்ததும் களைத்துப்போவார். ஹான்ஸ் ஐசங்க் என்ற உளவியலாளர், இவர்களுடைய மூளை இயல்பிலேயே சற்றுக் கூடுதல் விழிப்பில் இருக்கிறது என்று கருதினார். அதைச் சோதிக்க எலுமிச்சம்பழம் உதவியது. நாக்கில் சில துளி சாறு விட்டால், கலகலப்பானவர்களைவிட உள்ளொடுங்கியவர்களுக்குச் சராசரியாக அதிக எச்சில் ஊறியது. அதே சாறு, அதிகப் புளிப்பு. கல்யாண வீட்டு நாதஸ்வரமும் மைக்செட்டும் அவருக்கு அப்படித்தான்.

நேர்ப்பொருள்காரரின் கதை இன்னும் வியப்பானது. ஒருவர் பேசி நிறுத்துவதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே உள்ள நேரத்தைப் பல மொழிகளில் அளந்திருக்கிறார்கள். பொதுவாக அது விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு சொல்லை யோசித்து வாய்க்குக் கொண்டுவரவே மூளைக்கு அதைப்போல் மூன்று மடங்கு நேரம் வேண்டும். அப்படியானால் எதிராளி முடிப்பதற்குள்ளேயே அவர் என்ன சொல்ல வருகிறார் என்று ஊகித்து, பதிலைத் தயாராக்கிவிடுகிறோம். “சாப்ட்டியளா?” என்பது சாப்பாட்டைப் பற்றிய கேள்வியல்ல, “உங்களைக் கவனித்தேன்” என்ற அன்பு என்பதையும் அந்த நொடிக்குள் ஊகிக்கிறோம். இந்த ஊகம் கைவராதவர் சொல்லை மட்டுமே எடுத்துக்கொள்கிறார். சொன்ன கேள்விக்குச் சரியான பதிலைத் தேடுகிறார்.

பருப்பொருளுக்கு எதிர்ப்பொருள் உண்டு என்று கணக்குப் போட்டுச் சொன்ன பால் டிராக் இதற்குப் பேர்போனவர். அவர் பேச்சை வைத்துக் கேம்பிரிட்ஜ் நண்பர்கள் ஓர் அலகே உண்டாக்கினார்கள்: மணிக்கு ஒரு சொல் என்றால் ஒரு டிராக். அவருடைய சொற்பொழிவு முடிந்ததும் ஒருவர் எழுந்து, கரும்பலகையில் உள்ள ஒரு சமன்பாடு புரியவில்லை என்றாராம். டிராக் பேசாமல் நின்றார். பதில் சொல்லுங்கள் என்று தூண்டியபோது, அது கேள்வியல்ல, ஒரு கருத்து என்றார்.

மூழ்கியவரைத் தேடித் தூரதேசம் போக வேண்டாம். தாமிரபரணி பிறக்கும் அகத்தியமலை 1,868 மீட்டர் உயரம். 1850-களில், திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநர் ஜான் ஆலன் பிரவுன், அந்த உச்சியில் ஓர் ஆய்வுக்கூடம் கட்டினார். அட்டையும் மழையும் யானையும் தாண்டி ஏறிப்போய், உயரம் கூடினால் காற்றழுத்தமும் வெப்பமும் காந்த ஊசியும் எப்படி மாறுகின்றன என்று குறித்துவைத்தார்கள். ஊர்க்காரர் பார்வையில் இது சந்தேகமில்லாமல் கோட்டிதான்.

மூழ்குதலின் காரணம் கவனத்தின் கஞ்சத்தனம். 1999-இல் வெளியான புகழ்பெற்ற சோதனை ஒன்றில், பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர், நடுவே கொரில்லா வேடத்தில் ஒருவர் நடந்துபோனதையே பார்க்கவில்லை. நம் எல்லோருக்கும் இருப்பது ஒரே விளக்கு. மூழ்கியவர் அதை ஒரே இடத்தில் ஏற்றி வைக்கிறார். கும்பகோணத்து ராமானுஜன் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். தாள் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையாலேயே அழித்து, அடுத்ததைப் போட்டார். 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

ஆனால் அவரையும் ஒரே பெட்டியில் அடைக்க முடியாது. கேம்பிரிட்ஜில் ஒருநாள் நண்பர்களை அழைத்து, தானே சமைத்த ரசத்தைப் பரிமாறினார். வந்திருந்த பெண்கள் இரண்டு முறை வாங்கிக்கொண்டு, மூன்றாம் முறை போதும் என்றார்கள். சற்று நேரத்தில் ராமானுஜனைக் காணோம். மனம் வாடி ஆக்ஸ்போர்டுக்கே போய்விட்டிருந்தார். மூழ்கியவருக்குள் ஒரு கூச்சக்காரரும் குடியிருந்தார்.

இத்தனை வகை எதற்கு? நெதர்லாந்தில் பட்டாணிக்குருவி இனப் பறவைகளை ஆராய்ந்தவர்கள், புது இடத்தைச் சட்டென்று சுற்றிவருபவை, தயங்கித் தயங்கிப் பார்ப்பவை என இரு வகை கண்டார்கள். இரை வைக்கும் இடத்தை மாற்றியபோது, துணிந்தவை பழைய இடத்துக்கே பழக்கத்தில் போயின. தயங்கியவை மாற்றத்தை முதலில் கண்டுகொண்டன. பிற்பாடு நடந்த ஆய்வுகள், ஒரு வருஷம் துணிந்தவை பிழைக்கின்றன, இன்னொரு வருஷம் தயங்கியவை பிழைக்கின்றன என்று காட்டின. வருஷங்கள் ஒன்றுபோல் இராததால், இயற்கை இரண்டையும் கைவிடவில்லை.

ஊரும் கைவிட வேண்டாம். வகை தெரிந்தால் அன்பு செலுத்தும் வழியும் தெரியும். கூச்சக்காரரை இரண்டாம் முறையும் கூப்பிட்டு, தெரிந்தவர் பக்கத்தில் இலை போடுங்கள். தனிமை நாடுபவருக்கு மாடிப்படியைக் காட்டிவிடுங்கள். நேர்ப்பொருள்காரரிடம் கேட்க வேண்டியதை நேராகக் கேளுங்கள். மூழ்கியவரிடம் சொதியைப் பற்றி நீங்களே தொடங்குங்கள்.

படித்துறையிலும் பொரி முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டிவிடாதீர்கள். ஒரு கை மிச்சம் வையுங்கள். முட்டி மோதியவை போன பிறகு, தள்ளி நின்றவை மெல்ல மேலே வரும்.