மெட்ரோ தூணைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள்

போன வாரம் ஒருவர் மஞ்சள் நிறச் சீட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். மளிகைக் கடை பில் புத்தகத்தில் கிழித்தது போல இருந்தது. ‘பி2, அட்வான்ஸ் ரூ.6,00,000’ என்று பேனாவால் எழுதி, கீழே ஒரு கிறுக்கல். ரப்பர் ஸ்டாம்ப்கூட இல்லை. பூந்தமல்லிப் பக்கம் 42 லட்சம் ரூபாய் வீடு. “ஸ்டேஷன் அஞ்சு நிமிஷ நடைன்னாங்க சார், இன்னிக்கு விட்டா போயிடும்னாங்க.”

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். மாதவரம், சிறுசேரி, சோழிங்கநல்லூர், பூந்தமல்லி என்று தூண் எழும்பிய இடமெல்லாம் இந்தப் பேச்சுதான். ஆனால் பழைய கதை ஒன்றை மறக்காதீர்கள்: வேளச்சேரியில் பறக்கும் ரயில் வந்தது 2007-இல். அங்கிருந்து பரங்கிமலைக்கு மிச்சமிருந்தது 5 கிலோமீட்டர். 2008-இல் தொடங்கிய அந்த வேலை, ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத்துக்காக ஒன்றரைப் பத்தாண்டுக்கும் மேல் இழுத்தது. ரயிலை நம்பி வாங்கியவர்கள் அத்தனை வருடமும் ஷேர் ஆட்டோவில்தான் போனார்கள். ஸ்டேஷன் திறக்கும் தேதியை பில்டர் சொன்னால் சிரித்துவிட்டு, காகிதத்தைக் கேளுங்கள்.

முதல் காகிதம் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் எட்டு வீட்டுக்கு மேல் கட்டினால் பதிவு கட்டாயம். விளம்பரத்திலேயே அந்த எண் இருக்க வேண்டும். எண்ணைப் பார்த்ததோடு நிற்காமல், தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் போட்டு, அனுமதித்த வரைபடத்தையும் முடிக்க வேண்டிய தேதியையும் பாருங்கள். உங்கள் ‘பி2’ வீடு அந்த வரைபடத்தில் இருக்கிறதா? நான்கு மாடிக்கு அனுமதி வாங்கி ஐந்தாவது மாடியை விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம், பிரிவு 13. 42 லட்சத்துக்கு 4,20,000 ரூபாய்தான். ஆறு லட்சம் வாங்கியது சட்டமீறல். மறுபடியும் சொல்கிறேன்: சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒப்பந்தம் பதிவாகும் வரை பத்து சதவீதத்தைத் தாண்டாதீர்கள். அதையும் வங்கி வழியாகவே கொடுங்கள். வீட்டு முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படியும் தப்பு.

‘ஐந்து நிமிடம்’ என்று அச்சடித்த நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள். விளம்பரத்தை நம்பிப் பணம் கொடுத்து, அது பொய்யானால், பிரிவு 12-இன்படி விலகிக்கொண்டு முழுப் பணத்தையும் வட்டியோடு கேட்கலாம். நோட்டீஸ் குப்பைக்குப் போன பிறகு என்னிடம் வந்து பயனில்லை.

வரியிலும் ஏமாறுகிறார்கள். கார்ப்பெட் ஏரியா 60 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 645 சதுர அடிக்குள், விலை 45 லட்சத்துக்குள் இருந்தால் சென்னையில் ஜிஎஸ்டி 1 சதவீதம்; இல்லாவிட்டால் 5. நம் ஆளுக்கு 42,000 ரூபாயா, 2,10,000 ரூபாயா என்ற வித்தியாசம். நோட்டீஸில் போடும் 850 சதுர அடி என்பது படிக்கட்டு, லிஃப்ட் எல்லாம் சேர்ந்த சூப்பர் பில்ட்அப். சுவருக்குள்ளே எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். பணி நிறைவுச் சான்று வந்த பிறகு விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டியே கிடையாது.

ஏமாந்தாகிவிட்டதா? முதலில் ஸ்பீட் போஸ்டில் பில்டருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். பிறகு ரெரா. பணம் திரும்ப வேண்டும், வட்டி வேண்டும், வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்றால் ஆணையத்திடம் ‘எம்’ படிவம். நஷ்டஈடு என்றால் தீர்ப்பளிக்கும் அதிகாரியிடம் ‘என்’ படிவம். இரண்டையும் ஒரே மனுவில் குழப்பி, திருப்பி அனுப்பப்பட்டு, மூன்று மாதம் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இதை ரெரா அலுவலக வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆணையத்தின் உத்தரவு திருப்தி இல்லையென்றால் 60 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்.

இரண்டு கிரவுண்டில் சரியாக எட்டு வீடு கட்டுகிறவர்கள் ரெராவுக்குள் வர மாட்டார்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருக்களில் இவர்கள்தான் அதிகம். அங்கே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். செலுத்திய தொகை 50 லட்சம் வரை அங்கேயே முடியும். பிரச்சினை தொடங்கி இரண்டு வருடத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும்.

மஞ்சள் சீட்டுக்காரரிடம் வங்கி பாஸ்புக்கைக் கேட்டேன். அதில் இரண்டு லட்சம்தான் போயிருந்தது. மிச்சம் நான்கு லட்சமும் மனைவியின் நகையை வைத்து, ரொக்கமாகக் கொடுத்தது.