லடாக்கில் ஐஸ் ஹாக்கி: உறைந்த குளமும் மாணவியர் அணியும்

ஐஸ் ஹாக்கி என்பது பனிக்கட்டித் தரையில், அடியில் எஃகுத் தகடு பொருத்திய காலணி அணிந்து, சறுக்கிக்கொண்டே ஆடும் ஹாக்கி ஆட்டம் ஆகும். கனடா, அமெரிக்கா, ரஷ்யா, சுவீடன், பின்லாந்து போன்ற குளிர் நாடுகளில் இது பெரும் புகழ் பெற்றது. இந்தியாவில் இந்த ஆட்டம் வேரூன்றிய இடம் லடாக். இந்திய அணிகளில் ஆடுவோரில் பெரும்பான்மையோர் லடாக்கைச் சேர்ந்தவர்கள். அங்கே பெண்கள் இந்த ஆட்டத்திற்குள் வந்ததில், லே நகருக்கு அருகிலுள்ள செக்மோல் என்னும் கல்வி அமைப்புக்கு முக்கியப் பங்கு உண்டு.

தென்மாவட்டங்களில் ஹாக்கி என்றதும் கோவில்பட்டி நினைவுக்கு வரும். அங்கே ஆடப்படுவது புல்தரையிலும் செயற்கைத் தளத்திலும் பந்தைக் கொண்டு ஆடும் ஹாக்கி. ஐஸ் ஹாக்கி அதிலிருந்து பல வகைகளில் வேறுபட்டது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பவை மட்டையும் கோல் கம்பமும் மட்டுமே என்று சொல்லலாம்.

ஆட்டமுறை

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. அதற்குப் பதிலாக 'பக்' எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டு பயன்படுகிறது. அதன் விட்டம் 7.62 செ.மீ., தடிமன் 2.54 செ.மீ., எடை ஏறக்குறைய 156 முதல் 170 கிராம். உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருப்பதால் அது துள்ளாமல் தரையோடு வழுக்கிச் செல்லும்.

ஓர் அணியில் ஒரே நேரத்தில் களத்தில் இருப்பவர்கள் 6 பேர். அவர்களில் ஒருவர் கோல் கீப்பர். பன்னாட்டு விதிப்படி ஆடுகளம் 60 மீட்டர் நீளமும் 26 முதல் 30 மீட்டர் அகலமும் கொண்டது. ஆட்டம் 20 நிமிடங்கள் வீதம் மூன்று பகுதிகளாக நடக்கும். முழு வேகத்தில் சறுக்குவதால் ஆட்டக்காரர்கள் விரைவில் களைத்துவிடுவார்கள். ஆகவே ஏறக்குறைய முக்கால் நிமிடத்துக்கு ஒரு முறை ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். இதற்காக ஆட்டத்தை நிறுத்துவதில்லை. தவறு செய்த ஆட்டக்காரர் பெரும்பாலும் 2 நிமிடம் வெளியே உட்கார வைக்கப்படுவார். அப்போது அவருடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும்.

பக் மிக வேகமாக வருவதாலும் ஆட்டக்காரர்கள் ஒருவர் மீது ஒருவர் மோதுவதாலும் தலைக்கவசம், தோள் காப்பு, முழங்கை காப்பு, கையுறை, முழங்கால் காப்பு ஆகியவை தேவை. எனவே இது செலவு மிகுந்த ஆட்டம். ஒரு மட்டையும் ஒரு பந்தும் இருந்தால் தெருவில் ஆடிவிடலாம் என்ற வசதி இதில் இல்லை.

கல்லூரிகளில் வளர்ந்த ஆட்டம்

இன்றைய வடிவிலான ஐஸ் ஹாக்கியின் முதல் உள்ளரங்கப் போட்டி 1875 மார்ச் 3 அன்று கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடந்தது. இரண்டே ஆண்டுகளில், 1877-இல், அந்நகரின் மெக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அமெரிக்காவில் 1896-இல் யேல் பல்கலைக்கழகமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் பால்டிமோர் நகரில் மோதின. அந்நாட்டின் கல்லூரி ஐஸ் ஹாக்கி வரலாறு இதிலிருந்தே தொடங்குகிறது.

கல்லூரி அணிகளின் வலிமையை உலகம் கண்டது 1980-இல். லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில், பெரும்பாலும் கல்லூரி மாணவர்களையும் அண்மையில் படிப்பை முடித்தவர்களையும் கொண்ட அமெரிக்க அணி, அன்று வெல்ல முடியாதது என்று கருதப்பட்ட சோவியத் அணியை 4-3 என்ற கணக்கில் தோற்கடித்தது. அதன் பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ், மினசோட்டா பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சி அளித்தவர்.

பெண்களுக்கு மட்டும் எல்லா நாடுகளிலும் வாய்ப்பு தாமதமாகவே கிடைத்தது. ஆண்கள் ஐஸ் ஹாக்கி 1920-லேயே ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. பெண்கள் ஐஸ் ஹாக்கி சேர்க்கப்பட்டது 1998-இல், ஜப்பானின் நகானோவில். இடையில் கழிந்தவை 78 ஆண்டுகள்.

இந்தியாவுக்கு வந்த வழி

இந்தியாவில் பனிச்சறுக்கின் பழைய மையம் சிம்லா. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், 1920-இல், அங்கே திறந்தவெளிப் பனித்தளம் அமைக்கப்பட்டது.

லடாக்கில் இந்த ஆட்டம் பரவுவதற்கு அங்கே நிலைகொண்டிருந்த இராணுவம் பெரும் காரணம். குளிர்காலத்தில் மலைப்பாதைகள் பனியால் மூடிக்கொள்ளும். வயல் வேலையும் இருக்காது. அந்த மாதங்களில் வீரர்கள் ஆடியதைப் பார்த்து ஊர் இளைஞர்களும் ஆடத் தொடங்கினர். கடைகளில் சறுக்குக் காலணி கிடைக்காத காலம் அது. இராணுவ பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்தித் தாங்களே காலணி செய்துகொண்டார்கள்.

1980-களின் நடுவில் லடாக் குளிர்கால விளையாட்டுச் சங்கம் உருவானது. 1989-இல் இந்திய ஐஸ் ஹாக்கி சங்கம் பன்னாட்டு ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பில் உறுப்பினரானது. லடாக் ஸ்கவுட்ஸ் படைப்பிரிவு, இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை ஆகியவற்றின் அணிகள் இன்றும் நாட்டின் வலிமையான அணிகளில் அடங்கும்.

குளம் ஆடுகளமாகும் விதம்

லே நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே குளிர்கால இரவுகளில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்கும். நகரிலுள்ள கர்ஸூ குளம் அப்போது ஆடுகளமாகிவிடும். நம் விருதுநகர் மாவட்டத்தில் கண்மாய் வற்றினால் பிள்ளைகள் அதனுள் இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள். அங்கே குளம் உறைந்தால் அதன் மேல் ஏறி ஹாக்கி ஆடுகிறார்கள்.

குளத்து நீர் மேலிருந்து கீழாக உறைவதற்கு அறிவியல் காரணம் உண்டு. நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்தால் அடர்த்தி குறைந்து மேலே வரும். பனிக்கட்டியின் அடர்த்தி நீரைவிடக் குறைவு என்பதால் அது மிதக்கும். ஆகவே மேற்பரப்பு முதலில் உறைகிறது. அதன் கீழே நீர் நெடுநாள் திரவமாகவே இருக்கும். ஓர் ஆள் பாதுகாப்பாக நடக்க ஏறக்குறைய 10 செ.மீ. தடிமனாவது பனிக்கட்டி தேவை.

இயற்கையாக உறைந்த பரப்பு மேடுபள்ளமாக இருக்கும். அதைச் சமப்படுத்த மாலையிலும் இரவிலும் மெல்லிய அடுக்காகத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஓர் அடுக்கு உறைந்த பிறகே அடுத்த அடுக்கு. ஒரேயடியாக நிறைய ஊற்றினால் மேல்பகுதி மட்டும் உறைந்து, உள்ளே வெற்றிடமும் விரிசலும் உண்டாகும். குளம் இல்லாத ஊர்களில் வயலையோ மைதானத்தையோ மண்கரை கட்டி, தண்ணீர் தேக்கி, இதே முறையில் களம் அமைக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் சறுக்கிய சீவலைத் துடைத்து, மறுநாளுக்காக மீண்டும் தண்ணீர் ஊற்ற வேண்டும். களத்தைத் தயார் செய்வது ஆட்டக்காரர்களின் வேலை. உறைபனி இரவில் வாளி தூக்குவதும் அந்த ஆட்டத்தின் ஒரு பகுதி.

இவ்வளவு உழைத்தாலும் இயற்கைப் பனித்தளம் நிலைப்பது ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் மட்டுமே. லடாக் ஐஸ் ஹாக்கியின் எல்லாச் சிக்கல்களுக்கும் இதுவே அடிப்படை. களம் ஒன்று, நாள்கள் குறைவு, ஆட விரும்புவோர் பலர் என்ற நிலையில், யாருக்கு எத்தனை மணி நேரம் என்ற கேள்வி எழுகிறது. நெடுங்காலம் அந்த நேரம் ஆண்களுக்கே போய்ச் சேர்ந்தது.

செக்மோல் வளாகம்

செக்மோல் என்பது லடாக் மாணவர் கல்வி, பண்பாட்டு இயக்கத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். 1988-இல் லடாக்கிய இளைஞர்கள் சிலர் சேர்ந்து இதைத் தொடங்கினர். அவர்களில் ஒருவர் சோனம் வாங்சுக். அக்காலத்தில் லடாக்கின் அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் தோல்வியடைந்தனர். வீட்டில் பேசாத மொழியில் பாடம், தங்கள் நிலத்தோடு தொடர்பில்லாத பாடநூல் ஆகியவை முக்கியக் காரணங்கள் என்று இவர்கள் கருதினர். பள்ளிகளைச் சீர்திருத்தும் பணியோடு, தேர்வில் தவறிய மாணவர்களுக்கென ஒரு வளாகத்தையும் அமைத்தனர்.

இந்த வளாகம் லே நகருக்கு அருகே, சிந்து நதிக்கரையில், ஃபே கிராமத்தை ஒட்டி உள்ளது. கட்டடங்கள் மண்ணை இடித்துக் கட்டிய கெட்டிச் சுவர் கொண்டவை. தெற்கு நோக்கி அமைந்து சூரிய வெப்பத்தைச் சேமிப்பதால், கடுங்குளிரிலும் உள்ளே தங்க முடிகிறது. சமையல், தோட்டம், மாடு பராமரிப்பு, மின்தகடு பராமரிப்பு ஆகிய பொறுப்புகளை மாணவர்களே பகிர்ந்துகொள்கிறார்கள்.

குளிர்காலத்தில் அந்தப் பொறுப்புப் பட்டியலில் பனித்தளமும் சேர்ந்துவிடும். மாணவர்களே தண்ணீர் தேக்கி, அடுக்கடுக்காக உறைய வைத்து, களம் அமைக்கிறார்கள். உழைப்பில் மாணவ, மாணவியர் இருவருக்கும் பங்கு உண்டு. ஆகவே ஆடுவதிலும் இருவருக்கும் பங்கு உண்டு. நகரத்துக் குளத்தில் ஆண்கள் ஆடி முடித்த பிறகு மிஞ்சும் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டிய பெண்களுக்கு, இங்கே தங்கள் கையால் செய்த களம் கிடைத்தது. இங்கே உருவான மாணவியர் அணி லடாக்கில் பெண்கள் ஐஸ் ஹாக்கிக்கு முன்னோடியாக அமைந்தது. இங்கே ஆடிப் பழகிய சிலர் பின்னர் தேசிய அணியிலும் இடம்பெற்றனர்.

பெண்கள் தேசிய அணி

இந்திய ஆண்கள் அணி முதன்முதலில் பன்னாட்டுக் கூட்டமைப்பின் ஆசிய சவால் கோப்பையில் ஆடியது 2009-இல், அபுதாபியில். பெண்கள் அணி 2016-இல் தைபேயில் நடந்த போட்டியில் அறிமுகமானது. பயணச் செலவுக்கே பணம் இல்லாத நிலையில் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. திறந்தவெளிக் குளத்தில் பழகியவர்கள், முழு அளவு உள்ளரங்கத்தில் ஆண்டு முழுவதும் பயிற்சி பெற்ற அணிகளை எதிர்கொண்டார்கள். எனவே அந்த ஆண்டு வெற்றி கிட்டவில்லை.

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. 2017-இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸ் அணியை 4-3 என்ற கணக்கில் வென்று, பெண்கள் அணி தன் முதல் பன்னாட்டு வெற்றியைப் பதிவு செய்தது. அணியின் கோல் கீப்பர் நூர் ஜஹான் பழைய ஓவியங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் கலை வல்லுநரும் ஆவார். வேறு தொழிலோ படிப்போ செய்துகொண்டே ஆடுவது இந்த அணியில் வழக்கம். 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பையில் இந்திய அணி வெண்கலப் பதக்கம் வென்றது.

2018 ஜனவரியில், ஒலிம்பிக்கில் பலமுறை தங்கம் வென்ற கனடா வீராங்கனை ஹேலி விக்கன்ஹைசர் லடாக்குக்கு வந்து மாணவியருக்குப் பயிற்சி அளித்தார். அவரும் உடன் வந்தவர்களும் ஆட்டக் கருவிகளையும் கொண்டுவந்து கொடுத்தனர். லடாக்கைப் பார்த்து, இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கிலும் பெண்கள் ஆடத் தொடங்கினர். 2022-இல் பெண்கள் தேசியப் போட்டி அங்குள்ள காசாவில் நடைபெற்றது.

மரபுகள்

லடாக்கில் ஐஸ் ஹாக்கி ஒரு குளிர்காலத் திருவிழா போன்றது. மலைக் கவுன்சில் பெயரிலான கோப்பைப் போட்டிகளுக்கு ஊர்தோறும் அணிகள் வரும். குளத்தைச் சுற்றியுள்ள கரைகளே பார்வையாளர் மாடம். கம்பளி உடுத்திய முதியவர்களும் குழந்தைகளும் நின்றுகொண்டே ஆட்டம் பார்ப்பார்கள். நம் ஊரில் பொன்னாடை போர்த்துவதுபோல, விருந்தினருக்கும் சிறப்பிக்கப்படுவோருக்கும் 'கதக்' எனப்படும் வெண்ணிற மென்துணி அணிவிப்பது அங்குள்ள வழக்கம்.

பழைய கருவிகளை அடுத்தவருக்குக் கொடுப்பது இன்னொரு வழக்கம். வளர்ந்துவிட்ட பிள்ளையின் சறுக்குக் காலணி தம்பிக்கோ தங்கைக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகும். ஓர் அணி ஆடி முடித்ததும் அதே கவசத்தை அடுத்த அணி அணிந்து இறங்குவதும் உண்டு.

இன்றைய நிலை

லே நகரின் என்.டி.எஸ். விளையாட்டரங்கில் இப்போது செயற்கைக் குளிரூட்டல் கொண்ட பனித்தளம் உள்ளது. தரைக்கு அடியில் குழாய்கள் பதித்து, அவற்றில் உறையாத குளிர் திரவத்தைச் செலுத்தி, மேலே உள்ள நீரை உறைய வைக்கும் முறை இது. 2024-இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் ஐஸ் ஹாக்கிப் போட்டிகள் லேயில் நடந்தன. இத்தகைய தளத்தைக் கட்டுவதைவிடப் பராமரிப்பதே கடினம். 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் கட்டப்பட்ட உள்ளரங்கப் பனித்தளம், பராமரிப்புச் செலவு காரணமாகப் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, 2025-இல்தான் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது.

மறுபுறம், குளிர்காலம் முன்புபோல் கடுமையாக இல்லாததால் இயற்கைப் பனித்தளம் தாமதமாக உறைந்து விரைவில் உருகுகிறது. ஆடும் நாள்கள் குறையும்போது, முதலில் நேரத்தை இழப்பவர்கள் பிந்தி வந்து சேர்ந்த பெண்களும் சிறுவர், சிறுமியரும்தான். செயற்கைத் தளத்தின் நேர அட்டவணையில் அவர்களுக்கும் உரிய பங்கு எழுதப்பட்டால்தான், செக்மோல் வளாகத்தில் மாணவியர் வாளி தூக்கிப் பெற்ற இடம் நிலைக்கும்.